வாக்குச்சீட்டில் இல்லாத பெயர்கள்: இல்லினாய் மாநில செனட்டர்களின் கதை

நேயர்களுக்கு என் வணக்கம்.

1858ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஏழு ஊர்களில், ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீஃபன் டக்ளஸும் ஒரே மேடையில் நின்று வாதிட்டார்கள். ஆகஸ்ட் 21 அன்று ஒட்டாவாவில் தொடங்கி அக்டோபர் 15 அன்று ஆல்ட்டனில் முடிந்த அந்த வாதங்களைக் கேட்க, வண்டி கட்டிக்கொண்டும் கால்வாய்ப் படகுகளிலும் ரயிலிலும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். முதலில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார்; அடுத்தவர் ஒன்றரை மணி நேரம் பதில் சொல்வார்; முதலில் பேசியவர் மறுபடியும் அரை மணி நேரம் பேசி முடிப்பார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், வெட்டவெளியில், மூன்று மணி நேரம் காது கொடுத்துக் கேட்ட அந்த மக்கள் நவம்பரில் வாக்களிக்கச் சென்றபோது, வாக்குச்சீட்டில் லிங்கன் பெயரும் இல்லை, டக்ளஸ் பெயரும் இல்லை. ஏனென்றால், அவர்கள் இருவரும் போட்டியிட்டது நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஓர் இருக்கைக்கு; செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று மக்களிடம் இல்லை. மாநிலச் சட்டமன்றத்திடம் இருந்தது.

நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா, ஏறத்தாழ அதே முறைதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும், பெரியதோ சிறியதோ, இரண்டு செனட்டர்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். 1818 டிசம்பரில் 21ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்த இல்லினாய், நினியன் எட்வர்ட்ஸ், ஜெஸ்ஸி தாமஸ் என்ற இருவரை முதல் செனட்டர்களாக அனுப்பியது. அந்த நாளிலிருந்து 1913 வரை, ஏறத்தாழ 95 ஆண்டுகள், இந்தத் தேர்வு சட்டமன்றக் கூடத்துக்குள்ளேயே நடந்தது. அங்கே நடந்தவற்றைப் பார்த்தால், மக்கள் ஏன் அந்த உரிமையைத் தங்கள் கைக்குக் கேட்டார்கள் என்பது விளங்கும்.

முதலில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதிக்குப் போவோம். லிங்கன் அப்போது விக் கட்சிக்காரர். முந்தைய ஆண்டுதான் அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஆனால், சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் செனட்டராகத் தேர்வாக முடியாது என்பது மாநில விதி என்பதால், கிடைத்த இடத்தை ஏற்காமல் விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தை இடைத்தேர்தலில் எதிர்த்தரப்பு பறித்துக்கொண்டது. ஒரு வாக்கு அப்படியே போயிற்று.

மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் வாக்கெடுப்பு தொடங்கியபோது, முதல் சுற்றில் நாற்பதுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு முன்னணியில் இருந்தவர் லிங்கன்தான். லைமன் டிரம்புல் என்ற ஜனநாயகக் கட்சிக்காரருக்குக் கிடைத்தவை வெறும் ஐந்து. ஆனால் அந்த ஐந்து பேரும் இம்மியும் அசையவில்லை. அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக்கூடாது என்பதில் அவர்கள் லிங்கனோடு ஒத்துப்போனவர்கள். ஆனாலும் ஒரு விக் கட்சிக்காரருக்கு வாக்களிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சுற்றுக்குச் சுற்று லிங்கனின் வாக்குகள் கரைந்தன. ஆளுநர் ஜோயல் மேட்டிசன் திடீரென்று களத்துக்குள் கொண்டுவரப்பட்டு, ஒன்பதாவது சுற்றில் வெற்றிக்கு மிக அருகே வந்துவிட்டார். அந்த நேரத்தில் லிங்கன் தம்மிடம் எஞ்சியிருந்த ஆதரவாளர்களை அழைத்து, டிரம்புலுக்கு வாக்களித்துவிடுங்கள் என்றார். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 வாக்குகளோடு வென்றார்.

தம் கொள்கை தோற்றுவிடக்கூடாது என்பதற்காகத் தம் ஆசையைத் தாமே கைவிட்ட அந்தக் கணம், லிங்கனின் வாழ்க்கையில் அவருடைய பெரிய வெற்றிகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். வீட்டில் அது அவ்வளவு எளிதாக ஆறவில்லை. டிரம்புலின் மனைவி ஜூலியா, லிங்கனின் மனைவி மேரிக்குத் திருமணத்தின்போது தோழியாக நின்றவர். அந்த நட்பு அன்றோடு முறிந்தது. டிரம்புலோ, பின்னாளில் செனட்டின் நீதிக் குழுத் தலைவராக இருந்து, அடிமை முறையை ஒழித்த 13ஆவது சட்டத்திருத்தத்தை வடிப்பதில் முன்னின்றார்.

இந்தப் பின்னணியோடுதான் 1858இன் வாதங்களைப் பார்க்க வேண்டும். டக்ளஸ் தனி ரயிலில், தம் வருகையை அறிவிக்கப் பீரங்கி ஏற்றிய ஒரு திறந்த பெட்டியோடு பயணம் செய்தார். லிங்கன் பல வேளைகளில் சாதாரணப் பயணியாகவே போனார். நவம்பர் தேர்தலில் மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் லிங்கன் அதற்குள் சேர்ந்திருந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர்களுக்கே சற்றுக் கூடுதலான வாக்குகள் விழுந்திருந்தன. ஆனால் தொகுதிகள் பழைய மக்கள்தொகைக் கணக்கின்படி பிரிக்கப்பட்டிருந்ததால், வேகமாக வளர்ந்துவந்த வடபகுதிக்கு உரிய இடங்கள் கிடைக்கவில்லை. மாநில மேலவையில் பலர் முன்பே தேர்வாகி, அந்த ஆண்டு மக்களைச் சந்திக்க வேண்டியிராதவர்கள். 1859 ஜனவரி 5 அன்று சட்டமன்றம் டக்ளஸை 54க்கு 46 என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தது. மக்களின் வாக்கு ஒரு பக்கம் சாய, செனட் இருக்கை மறுபக்கம் போனது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு சட்டமன்ற இழுபறிகள் இன்னும் நீண்டன. 1877இல் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸா, ஜனநாயகக் கட்சியின் டில்டனா, யார் குடியரசுத் தலைவர் என்பதைத் தீர்மானிக்க 15 பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அதில் இரு கட்சிகளுக்கும் ஏழு ஏழு பேர் போக, நடுநிலையாளராக எதிர்பார்க்கப்பட்டவர் இல்லினாயைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டேவிஸ். சரியாக அந்த வேளையில் இல்லினாய் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சியினர், சுயேச்சைகளோடு சேர்ந்து அவரையே செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். டேவிஸ் ஆணையத்திலிருந்து விலகிக்கொள்ள, அந்த இடத்துக்குக் குடியரசுக் கட்சிச் சார்புள்ள ஒரு நீதிபதி வந்தார். எட்டுக்கு ஏழு என்று ஹேய்ஸ் வென்றார். ஒரு மாநிலத்தின் செனட்டர் தேர்வு நாட்டின் தலைமையையே மாற்றிப்போட்டது. அதைச் செய்தவர்கள் தோற்றுப்போனவரின் கட்சிக்காரர்கள்.

1885இல் ஜான் லோகனின் தேர்வுக்காகச் சட்டமன்றம் 102க்கு 102 என்று மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஒருவர் இறந்தார். அது அக்கட்சியின் கோட்டை போன்ற தொகுதி என்பதால், இடைத்தேர்தலை அவர்கள் பொருட்படுத்தவில்லை. குடியரசுக் கட்சியினரோ கூட்டம் போடாமல், கொடி பிடிக்காமல், ஓசைப்படாமல் வீடு வீடாக வேலை செய்து அந்த இடத்தைக் கைப்பற்றினார்கள்; லோகன் மே மாதத்தில் செனட்டரானார். 1891இல் ஜான் பால்மரைத் தேர்ந்தெடுக்க 154 சுற்றுகள் தேவைப்பட்டன. அத்தனை சுற்று முடியும்வரை மாநிலத்தின் மற்ற அலுவல்கள் இதன் நிழலில்தான் நடந்தாக வேண்டும்.

இவை எல்லாம் பொறுக்கக்கூடியவை. 1909இல் நடந்ததுதான் மக்களின் பொறுமையைத் தீர்த்தது. அந்த ஆண்டும் ஜனவரியிலிருந்து மே வரை இழுபறி. முந்தைய ஆண்டு நடந்த கருத்தறியும் முதன்மைத் தேர்தலில் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் முன்னிறுத்தியவர், பதவியில் இருந்த ஆல்பர்ட் ஹாப்கின்ஸ். அதை ஒதுக்கிவிட்டு, மே 26 அன்று சட்டமன்றம் சிகாகோ அரசியலின் செல்வாக்குமிக்க தலைவரான வில்லியம் லோரிமரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்குக் கிடைத்த 108 வாக்குகளில் 53 எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியினருடையவை. ஓராண்டுக்குள் அதன் காரணம் வெளிவந்தது. 1910 ஏப்ரல் 30 அன்று சிகாகோ டிரிப்யூன் நாளிதழ், சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் வைட்டின் வாக்குமூலத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டது. லோரிமருக்கு வாக்களிக்கத் தாம் 1000 டாலர் பெற்றதாக அவர் அதில் சொல்லியிருந்தார்.

செனட் முதலில் விசாரித்து, 1911 மார்ச்சில் 46க்கு 40 என்று லோரிமரைக் காப்பாற்றியது. நாட்டில் எழுந்த கொதிப்பும் புதிதாகக் கிடைத்த சான்றுகளும் இரண்டாவது விசாரணைக்கு வழிவகுத்தன. 1912 ஜூலை 13 அன்று, 55க்கு 28 என்ற கணக்கில், அவருடைய தேர்வே செல்லாது என்று செனட் அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 17ஆவது சட்டத்திருத்தத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியிருந்தது. பல ஆண்டுகள் செனட்டின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்த அந்தக் கோரிக்கைக்கு லோரிமர் விவகாரம் பெரும் உந்துதல் தந்தது. 1913 ஏப்ரல் 8 அன்று போதிய மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான் இல்லினாய் சட்டமன்றம் ஜேம்ஸ் ஹாமில்டன் லூயிஸையும் லாரன்ஸ் ஷெர்மனையும் பழைய முறையில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது. 1914இல் ஷெர்மன் மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு வென்றார்.

பணம் அதோடு ஒழிந்துவிடவில்லை. 1926இல் வென்ற ஃபிராங்க் ஸ்மித், மின்சாரம் முதலிய சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மாநில ஆணையத்தின் தலைவராக இருந்துகொண்டே, அத்தகைய நிறுவனங்களின் அதிபரான சாமுவேல் இன்சலிடமிருந்து தேர்தல் நிதி பெற்றிருந்தார். செனட் அவரை உள்ளே அமரவிடவில்லை. ஆனால் மக்களின் கைக்கு வந்த உரிமை நல்ல பலனும் தந்தது. 1950இல் வென்ற எவரெட் டிர்க்சன் 1964இல் தம் கட்சியினரைத் திரட்டி, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைகள் சட்டத்தின்மீதான முடிவில்லா விவாதத்தை 71க்கு 29 என்று முடித்துவைக்கத் துணை நின்றார். 1992இல் கேரல் மோஸ்லி பிரவுன், செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஆனார். 2004இல் பராக் ஒபாமா ஏறத்தாழ 70 விழுக்காடு வாக்குகளோடு வென்றார்.

ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்வாகிப் பதவி விலகியபோது, 17ஆவது திருத்தத்தில் மிச்சமிருந்த ஒரு சிறு கதவு தெரிந்தது. காலியான இடத்தைத் தற்காலிகமாக நிரப்ப ஆளுநருக்கு அதிகாரம் தர அந்தத் திருத்தம் இடமளிக்கிறது. ஆளுநர் ராட் பிளகோயெவிச் அந்த நியமனத்தைத் தம் சொந்த ஆதாயத்துக்காகப் பேரம் பேசினார் என்று 2008 டிசம்பர் 9 அன்று கைதுசெய்யப்பட்டார். புலனாய்வாளர்கள் பதிவுசெய்த அவருடைய தொலைபேசி உரையாடல்களே சான்றாயின. கைதான பிறகும் அவர் ரோலண்ட் பரிஸை நியமித்தார். 2009 ஜனவரியில் மாநில மேலவை 59க்கு 0 என்று பிளகோயெவிச்சைப் பதவிநீக்கியது. 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவருக்கு 2020இல் தண்டனைக் குறைப்பும் 2025இல் மன்னிப்பும் கிடைத்தன.

நியமனம் போதாது, அந்த எஞ்சிய காலத்துக்கும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கு தொடரப்பட்டது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. அதனால் 2010 நவம்பர் 2 அன்று இல்லினாய் வாக்காளரின் கையில் இருந்த சீட்டில் ஒரே செனட் இருக்கை இரண்டு முறை அச்சாகியிருந்தது: ஒன்று, ஜனவரி வரை எஞ்சியிருந்த சில வாரங்களுக்கு, மற்றொன்று, அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு. இரண்டிலும் மார்க் கர்க் வென்றார். அந்தச் சில வாரங்களுக்கான இருக்கையைக்கூட லட்சக்கணக்கானோர் தனியாகக் குறியிட்டு நிரப்பினார்கள். கர்க் நவம்பர் மாதமே பதவியேற்றார்.

நன்றி, வணக்கம்.