வயதான மன்னர் பதவி விலக வேண்டுமா? கல்லிடைக்குறிச்சித் தங்கச்சியின் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். "அண்ணாச்சி, போன மாதம் எலிசபெத் ராணியைப் பற்றிப் பேசினீர்கள். 96 வயது வரை பதவியை விடாமல் இருந்தாரே, அது சரியா? சார்லஸ் மன்னருக்கும் புற்றுநோய் என்று 2024இல் அறிவித்தார்கள். மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கலாமே? இந்தக் காலத்துக்கு மன்னர்தான் எதற்கு?" இவ்வளவும் கேட்டுவிட்டு, கீழே ஒரு வரி: "எங்கள் அப்பாவுக்கும் 78 வயது. கடைச் சாவியைத் தரமாட்டேன் என்கிறார்."

அந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு வருகிறேன். முதலில் ராணி.

எலிசபெத் ராணிக்கு 21 வயது நிறைந்த அன்று, 1947 ஏப்ரலில், கேப்டவுனிலிருந்து வானொலியில் பேசினார். ஆயுள் நீண்டதானாலும் குறுகியதானாலும் அது முழுவதும் உங்கள் சேவைக்கு என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு குடும்பக் காயம் இருக்கிறது. பெரியப்பா எட்டாம் எட்வர்ட் 1936இல் முடியைத் துறந்தார். அந்தப் பாரம் இவருடைய அப்பாவின் தலையில் விழுந்தது. பத்து வயதுப் பிள்ளையாக அதைப் பார்த்தவருக்குப் பதவி விலகுவது என்றால் ஓய்வு என்றா தோன்றும்? ஓடிப்போவது என்றுதான் தோன்றியிருக்கும். 2022 செப்டம்பர் 6 அன்று கையில் ஊன்றுகோலுடன் நின்று புதிய பிரதமரை நியமித்தார். 8ஆம் தேதி காலமானார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மனசு கனத்தும் போனது. மகன் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கே 73 வயது.

ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. ராணி சாவியை மொத்தமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. 2022 மே மாதம் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்கும் உரையை அவருக்குப் பதிலாகச் சார்லஸ்தான் வாசித்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாறிக்கொண்டுதான் இருந்தது.

மன்னருக்கு முடியாமல் போனால், பட்டத்தை அவரிடமே விட்டுவிட்டு வேலையை இன்னொருவர் பார்ப்பதும் உண்டு. பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியபோது, 1811 முதல் 1820இல் அவர் இறக்கும்வரை மகன்தான் அவர் பெயரில் ஆண்டார். அது போதாதா என்று கேட்கலாம். போதாது என்று சொன்னவர் ஜப்பானின் அகிஹிதோ பேரரசர். 2016 ஆகஸ்ட்டில் தொலைக்காட்சியில் மக்களிடம் நேராகப் பேசினார். வேலைகளைக் குறைத்துக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு. வேறொருவர் பார்த்துக்கொண்டாலும், கடமையைச் செய்ய முடியாதவர் சாகும்வரை பேரரசராகவே இருக்க வேண்டியிருக்கிறது என்று வருந்தினார். 1817க்குப் பிறகு அங்கே யாரும் விலகியதில்லை, சட்டத்திலும் வழி இல்லை. அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் போட்டார்கள். 2019 ஏப்ரல் 30 அன்று, 85 வயதில் விலகினார். நெதர்லாந்தில் 1948, 1980, 2013 என்று அடுத்தடுத்து மூன்று ராணிகள் விலகிவிட்டார்கள். அங்கே அது வழக்கமாகவே ஆகிவிட்டது. டென்மார்க்கின் மார்கிரெதே ராணி 52 ஆண்டுகள் ஆண்டுவிட்டு 2024 ஜனவரியில் மகனிடம் கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் பூட்டானின் நான்காம் மன்னர். 2006இல் விலகும்போது அவருக்கு வயது 51தான். அதோடு நிற்கவில்லை. 2008இல் வந்த அரசியல் சட்டத்தில், மன்னர் 65 வயதில் விலகிவிட வேண்டும் என்றே எழுதிவைத்துவிட்டார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. கையில் அதிகாரம் இருக்கும்போதே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, யாரும் கேட்காமலேயே கொடுத்தவர். பக்கத்தில் நேபாளத்தில் அதே 2008இல் மன்னராட்சியே போய்விட்டது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் என் பதில்: ஆம், விலகலாம், விலக வேண்டும். இருக்கும்போதே கொடுக்க வேண்டும். இதை நான் சாவிக்கொத்துக் கதை சொல்லிச் சொல்லியே உங்களை அலுக்க வைத்திருப்பேன். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். எங்கள் ஆச்சி ஓர் ஆடி மாதம், தானியம் வைக்கும் உள்ளறையான அரங்கு வீட்டுச் சாவியை அம்மா இடுப்பில் செருகிவிட்டார். அதன் பிறகு பட்டாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் அம்மா தெரியாமல் விதைநெல்லை எடுத்து அவித்துவிட்டார். ஆச்சிக்குத் தெரியும். பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு எல்லோரும் படுத்தபின் அம்மாவைக் கூப்பிட்டு, எந்தக் குலுக்கையில், அதாவது தானியக் குதிரில், எது இருக்கும் என்று விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆச்சி உயிரோடு இருந்ததால்தான் அந்தத் தவறைத் திருத்த முடிந்தது. எங்கள் பெரிய தாத்தா வீட்டில் அப்படி இல்லை. கடைசி மூச்சுவரை பெட்டிச் சாவி அவரிடம்தான். அவர் போன பிறகு எந்தப் பத்திரம் எங்கே, யார் எவ்வளவு தர வேண்டும், ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் நின்றார்கள்.

சரி, மன்னர் எதற்கு என்ற கேள்வி. நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சிங்கம்பட்டி ஜமீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, ஜமீன் போனது. ஆனாலும் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், அங்கே ஜமீன்தாராக இருந்த ராஜா முருகதாஸ் தீர்த்தபதி அரச உடையில் வந்து அமர்வார். குடில் போட்டுத் தங்கியிருந்த சனம் எல்லாம் எழுந்து நிற்கும். சின்னப் பிள்ளையில் அப்பா தோளில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். வரி வாங்க முடியாது, உத்தரவு போட முடியாது. ஆனாலும் அந்த மரியாதை 2020 மே மாதம் அவர் காலமாகும்வரை இருந்தது. ஐரோப்பாவில் இன்று எஞ்சியிருக்கும் மன்னர்களிடமும் பெரும்பாலும் இருப்பது இதுதான். முடி இருக்கிறது, முத்திரை மக்கள் கையில் இருக்கிறது. சில நேரம் அந்த முடி பெரிய வேலையும் செய்யும். 1940இல் ஜெர்மானியப் படை நார்வேயில் புகுந்து, தங்கள் ஆளைப் பிரதமராக்கச் சொன்னபோது, ஏழாம் ஹாக்கோன் மன்னர் அதைச் செய்வதைவிட முடியைத் துறப்பேன் என்று அமைச்சர்களிடம் சொன்னார். அரசு அவரோடு நின்றது. பிறப்பால் வரும் பதவியில் எனக்கு உடன்பாடு இல்லை. நமக்குத் தேர்தல்தான் சரி. ஆனால் அங்கே உள்ள மக்கள் அதை வைத்துக்கொள்ள விரும்பினால் அது அவர்கள் முடிவு.

தென்காசியில் கோயில் கட்டிய பராக்கிரம பாண்டியனைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். அந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதும் குறை வந்தால், அதைத் திருத்திக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்த மன்னன் அவன். தன்னுடைய காலத்துக்குப் பிறகு வரப்போகும் ஒருவனை, முகம் தெரியாத ஒருவனை, ஒரு பாண்டியன் வணங்குகிறான். இடிந்து நின்ற அந்தக் கோபுரம் மறுபடி எழுந்து 1990இல் குடமுழுக்கு நடந்தது. மறுபடி கட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அந்த வணக்கம் அவர்களுக்குத்தான்.

இப்போது அப்பா விஷயம். தங்கச்சி, நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தசரதனை நினைத்துக்கொள்ளுங்கள். காதோரம் ஒரு நரைமுடியைப் பார்த்தார், உடனே ராமனுக்குப் பட்டம் என்று முடிவு செய்தார். முடிவு சரியானதுதான். ஆனால் ஒரே இரவில் செய்யப் பார்த்தார். பரதன் ஊரில் இல்லை, கைகேயிக்குச் செய்தி கூனி வாய் வழியாகப் போனது. அதனால்தான் சொல்கிறேன், அப்பாவிடம் சாவியைக் கேட்காதீர்கள். கடையில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கடன் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், யாருக்கு எதை நம்பிக் கொடுக்கிறார் என்று கேளுங்கள். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது. சரக்கு எடுக்கப் போகும்போது ஒருமுறை கூடப் போய் வாருங்கள். வாரத்தில் ஒருநாள் கடையை நீங்கள் திறக்க, அவர் நாற்காலியில் இருக்கட்டும். அந்த ஒருநாள் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி. அடுத்த வாரமே ஆனாலும் சரி, ஆடி அமாவாசை கழிந்து ஆனாலும் சரி.