கண்ணுக்கு விடும் அந்த ஒரு துளி

வணக்கம் நேயர்களே.

குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்கு மருந்து விடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வெள்ளவத்தைத் தொடர்மாடியாக இருந்தாலும் கொட்டாஞ்சேனைப் பழைய வீடாக இருந்தாலும், ஓர் அம்மம்மாவின் மேசையில் அந்தச் சின்னப் போத்தல் இருக்கும். கண் கிளினிக்கில் வேலை செய்யும் தாதி நான். இன்றைக்கு அந்தப் போத்தலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

"மிஸ், மருந்து விட்டும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை." இதைக் கேட்காமல் எங்களுக்கு ஒரு கிளினிக் நாள் போவதில்லை. சொல்கிறவர் மேல் பிழை இல்லை. தலையிடிக்குக் குளிசை போட்டால் இடி நிற்கிறது. இந்த மருந்தைக் கண்ணில் விட்டாலும் பார்வை கூடிவிடாது. சிலருக்குக் கண் எரியும், சிவக்கும். பிறகு எதற்கு விட வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழியின் ஓரத்தில் இருக்கிற நுண்ணிய வடிகால் வழியாக அது வெளியே போக வேண்டும். போகிற வழி சரியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். பெரும்பாலானவர்களுக்கு இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசத்துக்குள் இருக்கும். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு பழுதாகிறவர்களும் உண்டு. எப்படியோ, பழுதாவது பார்வை நரம்பு. முதலில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் போகும். பேப்பர் வாசிக்கலாம், நாடகம் பார்க்கலாம், ஒரு குறையும் தெரியாது. காலி வீதியைக் கடக்கும்போது பக்கத்தால் வந்த ஆட்டோவை மட்டும் கண்டிருக்க மாட்டார்.

போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. மிச்சம் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்தத் துளி. சுவீடனில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்றில், அழுத்தம் 1 மில்லிமீற்றர் குறைந்தாலே நோய் முற்றும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். டிமோலோல் என்கிற துளி மருந்து நீர் சுரப்பதைக் குறைக்கும். லற்றனோபுரொஸ்ற் என்கிற மருந்து நீர் வெளியேற இன்னொரு வழியைத் திறந்துவிடும். ஒழுங்காக விட்டால் இவை பலருக்கு அழுத்தத்தைக் கால்வாசியளவு குறைத்துவிடுகின்றன.

ஆனால் மருந்து கண்ணுக்குள் விழ வேண்டுமே! "எனக்கு முன்னால ஒருக்கா விட்டுக் காட்டுங்கோ அம்மா" என்று நான் கேட்பதுண்டு. ஓர் அம்மா கதிரையில் நேராக இருந்தபடி போத்தலை உயர்த்தினார். முதல் துளி கன்னத்தில் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு இன்னொன்று விட்டார், அது இமை மயிரில் நின்றது. மூன்றாவதுதான் உள்ளே போனது, உடனே கண்ணைப் படபடவென்று சிமிட்டினார். அவருடைய போத்தல் மாதம் முடிய முன்பே தீர்ந்துபோவதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. மருந்து முடிந்த நாளிலிருந்து அடுத்த கிளினிக் வரை ஒன்றும் விடாமலே இருந்திருக்கிறார்.

சரி, எப்படி விடுவது? கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், அல்லது தலையை நன்றாகப் பின்னுக்குச் சாயுங்கள். கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். மேலே பார்த்துக்கொண்டு அதற்குள் ஒரு துளி. போத்தல் நுனி கண்ணிலோ இமை மயிரிலோ படக் கூடாது. ஒரு துளியே கண் கொள்ளும் அளவைவிட அதிகம்தான், இரண்டாவது வழிந்துதான் போகும். பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கோடு சேர்ந்த உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

இந்த அழுத்திப் பிடிப்பதை ஏனோ பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த மூலையில் மூக்குக்குள் போகும் துவாரம் இருக்கிறது. அதன் வழியே மருந்து இரத்தத்தில் கலக்கும். டிமோலோல் அப்படிக் கலந்தால் நாடித் துடிப்புக் குறையலாம், தொய்வு, அதாவது ஆஸ்துமா, உள்ளவருக்கு மூச்சு முட்டலாம். அதனால் தொய்வோ இதய வருத்தமோ இருந்தால், கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அன்ரிக்கும் இதே வருத்தம்தானே என்று உங்கள் போத்தலைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இரண்டு மருந்து என்றால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள், அடுத்தடுத்து விட்டால் பிந்தியது முந்தியதைக் கழுவிவிடும். லற்றனோபுரொஸ்ற் போத்தலைத் திறக்கும் வரை பிரிட்ஜில் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகைக்குள் வெளியே வைக்கலாம் என்று வழமையாகப் பெட்டியில் போட்டிருக்கும். கொழும்புச் சூட்டில் அது சரிவராது. பிரிட்ஜ் கதவுத் தட்டிலேயே இருக்கட்டும், உறைய மட்டும் விடாதீர்கள். குளிர்ந்த துளி கண்ணில் விழுவது நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு வசதி. திறந்த திகதியைப் பேனையால் எழுதிவையுங்கள். திறந்து நான்கு கிழமை ஆனால் புதுப் போத்தல் எடுப்பது நல்லது.

இன்னொன்று. கண் சிவந்தால் பாமசியில் கேட்டு ஏதோ ஒரு துளி மருந்து வாங்கி விடுகிறோம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால், கண் அழுத்தத்தையே ஏற்றிவிடக் கூடும். வைத்தியர் சொல்லாமல் அதைக் கண்ணில் விட வேண்டாம்.

வாரக்கணக்கில் மருந்தை மறந்துவிட்டு, கிளினிக்குக்கு முதல் நாளும் அன்று காலையும் மட்டும் ஒழுங்காக விட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஏச்சு விழும் என்ற பயம். அழுத்தம் நல்லாக இருக்கிறதென்று வைத்தியர் கொப்பியில் எழுதுவார். ஓரப் பார்வை அளக்கும் சோதனையிலோ பார்வை குறைந்திருக்கும். விட்டும் குறைகிறதே என்று அவர் மருந்தைக் கூட்டுவார், சில வேளை சத்திரசிகிச்சை வரைக்கும் யோசிப்பார். மறந்தேன் என்றோ, எரிகிறது என்றோ, வெளியில் வாங்கக் காசு காணாது என்றோ சொல்லிவிடுங்கள். வேறு மருந்து இருக்கிறது, விலை குறைந்ததும் இருக்கிறது. கை நடுங்கினால் வீட்டில் ஒருவரை விட்டுவிடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இந்த வருத்தம் இருந்தால் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. 40 வயது தாண்டிய எல்லோரையும் ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். லிப்டன் சுற்றுவட்டத்தடியில் இருக்கிற தேசிய கண் வைத்தியசாலைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வருகிற மகனோ மகளோ வெளியில் காத்திருக்கிற நேரத்தில், தங்கள் கண்ணை எப்போது காட்டலாம் என்று உள்ளே விசாரித்துக்கொண்டு வரலாம்.

நன்றி, வணக்கம்.