பதவி போன மேயரின் வீடு

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

வெளிநாடு போய் வந்தவன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே அழைத்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஜெர்மனியில், பான் நகருக்குப் பக்கத்தில், ரைன் நதிக்கரையில் ரோண்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே மலைச்சரிவில் இருக்கிறது கொன்ராட் அடேனாவரின் வீடு. மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர், அதாவது அரசின் தலைவர். வருகிறவர்கள் எல்லாரும் சான்சலரின் வீடு என்றுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். படியேறும்போது மூச்சு வாங்கியது. எழுபது வயதைத் தாண்டி நாட்டை ஆண்ட மனிதர் தினமும் இதில் ஏறி இறங்கினாரே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இறங்கி வரும்போது என் மனத்தில் சான்சலர் இல்லை. 1917 முதல் 1933 வரை கொலோன் நகரத்தின் மேயராக இருந்தவர்தான் இருந்தார். காரணம், அது சான்சலர் கட்டிய வீடு அல்ல. பதவி பறிபோன மேயர் கட்டிய வீடு.

1933 பிப்ரவரியில் ஹிட்லர் கொலோனுக்கு வந்தார். மேயர் வரவேற்கப் போகவில்லை. அதோடு விட்டாரா? ரைன் பாலத்தில் கட்டியிருந்த ஸ்வஸ்திகா கொடிகளை இறக்கச் சொன்னார். அடுத்த மாதமே நாற்காலி போயிற்று. பள்ளித் தோழர் மடாதிபதியாக இருந்த மரியா லாக் மடத்தில் ஏறக்குறைய ஓராண்டு ஒதுங்கியிருந்தார். பிறகு நகராட்சியோடு மல்லுக்கட்டித் தனக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வாங்கி, 1937இல் இந்த வீட்டைக் கட்டினார். வயது 61. இனி ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காலம் போய்விடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கிழிந்த காலுறையைத் தைக்கும்போது உள்ளே ஒரு மரமுட்டையை வைப்பார்கள் அல்லவா, அதற்குள் விளக்கு எரிந்தால் நன்றாக இருக்குமே என்று யோசித்தவர். இந்தப் பழக்கம் பழையது. முதல் உலகப்போரின் பஞ்சத்தில் சோயா கலந்த சாசேஜ் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் காப்புரிமை கிடைக்கவில்லை. இறைச்சி இல்லாததைச் சாசேஜ் என்று சொல்லக்கூடாதாம்! 1918இல் அதற்கு உரிமை கொடுத்தது யார் தெரியுமா? போரில் எதிரியாக நின்ற பிரிட்டன். (சிரிப்பு)

சிரித்துவிட்டீர்கள். அந்த வீட்டில் சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1944இல் ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சிக்குப் பிறகு அடேனாவரைக் கைது செய்து, கொலோன் பொருட்காட்சி மண்டபங்களில் அடைத்தார்கள். அவரே மேயராக இருந்து 1924இல் எழுப்பிய மண்டபங்கள்! அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய், தப்பி ஒளிந்தார். நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அவர் மனைவி குஸ்ஸியைப் பிடித்தது. கணவர் இருக்கும் இடத்தைச் சொல், இல்லாவிட்டால் உன் பெண்களைப் பிடிப்போம் என்று மிரட்டியது. அவர் சொல்லிவிட்டார். சொன்னதைத் தாங்க முடியாமல் சிறையிலேயே உயிரை விடப் பார்த்தார். பிழைத்தார், ஆனால் உடல் தேறவில்லை. 1948இல் இறந்தார். மறு ஆண்டு கணவர் சான்சலர் ஆனதை அவர் பார்க்கவில்லை. வழிகாட்டி இதைச் சொன்னபோது, அதுவரை படமெடுத்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் தாமாகவே இறங்கின.

அடேனாவரைக் குறையே இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. யூதர்களுக்கு எதிரான நாஜிச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய குளோப்கேயைத் தம் அலுவலகத்திலேயே உயர்பதவியில் வைத்திருந்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மேயருக்கு வருகிறேன். முதல் உலகப்போர் முடிந்ததும் கொலோனைச் சுற்றியிருந்த கோட்டை அரண்களை இடிக்க வேண்டும் என்பது வென்ற நாடுகளின் நிபந்தனை. இடித்த நிலத்தை மனை போட்டு விற்றிருந்தால் காசு கொட்டியிருக்கும். இவர் நகரைச் சுற்றிப் பூங்கா வளையம் அமைத்தார். 1945இல் அமெரிக்கர்கள் அவரை மீண்டும் மேயராக்கினார்கள். நகரம் இடிபாடாகக் கிடந்தது. பிறகு பொறுப்பேற்ற பிரிட்டிஷ் ராணுவம், குளிருக்கு விறகில்லை, அந்தப் பசுமை வளையத்து மரங்களை வெட்டு என்றது. மாட்டேன் என்றார். அக்டோபரில் மறுபடி பதவி போயிற்று. அதற்குப் பல காரணங்கள், மரமும் அதில் ஒன்று.

1967 ஏப்ரலில், 91 வயதில், அந்த ரோண்டார்ஃப் வீட்டிலேயே இறந்தார். வீட்டைப் பார்த்த மறுநாள் நான் கொலோனுக்குப் போய் அந்தப் பூங்காவைத் தேடிப் பிடித்தேன். நுழைவுச் சீட்டு இல்லை, வழிகாட்டி இல்லை. ஒரு பையன் மிதிவண்டியில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். வெயில் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.