ஃபாஸ்ட் என்றால் வேகம் மட்டுமா?

[திரையில்: கயிற்றைப் பற்றியிருக்கும் இரண்டு கைகள். விரல்களில் பச்சை குத்திய எழுத்துகள்.]

வணக்கம். பாய்மரக் கப்பல்களில் வேலை செய்த மாலுமிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டைவிரல்களை விட்டுவிட்டு மீதி எட்டு விரல்களிலும், விரலுக்கு ஓர் எழுத்தாக இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பச்சை குத்திக்கொள்வார்கள். ஒரு கையில் 'ஹோல்ட்', மறு கையில் 'ஃபாஸ்ட்'.

'வேகமாகப் பிடி' என்றா அதற்குப் பொருள்? இல்லை. புயலில் கப்பல் ஆடும்போது உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு வேகத்தால் என்ன பயன்? 'கெட்டியாகப் பிடி, விட்டுவிடாதே' என்பதுதான் அதன் பொருள்.

ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கு நாம் எல்லோரும் முதலில் படிக்கும் பொருள் 'வேகமான'. ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்த பொருள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான, அசையாத, இறுக்கமான என்றுதான் பொருள். விமானத்தில் 'ஃபாஸன் யுவர் சீட் பெல்ட்' என்று சொல்வார்கள், இல்லையா? அந்த ஃபாஸன் இதிலிருந்து பிறந்ததுதான். எழுதும்போது நடுவில் 'ட்' உண்டு, உச்சரிப்பில் கிடையாது. பெல்ட்டை அசையாதபடி மாட்டு என்கிறார்கள்.

உண்ணாமல் இருப்பதற்கும் ஃபாஸ்ட் என்ற பெயர்தானே, அது வேறு சொல்லோ என்று தோன்றலாம். அதுவும் இதே வேரில் வந்ததுதான். எடுத்த உறுதியை விடாமல் காப்பது என்ற கருத்திலிருந்து உண்ணாநோன்பு என்ற பொருள் வந்தது. இரவு முழுக்க நீண்ட அந்த நோன்பைக் காலையில் முறிப்பதால் பிரேக்ஃபாஸ்ட்.

சரி, அசையாத ஒன்று எப்படி ஓடத் தொடங்கியது?

[திரையில்: ஓடும் கால்கள்]

தமிழில் யோசித்தால் இது சட்டென்று புரியும். 'விடாமல் பிடித்தான்' என்கிறோம். 'விடாமல் ஓடினான்' என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் விடாமை என்பது இறுக்கம், இரண்டாவதில் அதுவே முனைப்பு. ஃபாஸ்ட்டும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. உறுதியாக என்ற பொருள் முழு பலத்தோடு என்று விரிந்தது, ஓடுவது போன்ற வினைகளோடு சேர்ந்தபோது வேகமாக என்று ஆனது. முதலில் வினையடையில் நடந்த மாற்றம் இது. வேகமான என்ற பெயரடை அதற்கும் பிறகு வந்தது.

தொல்காப்பியத்தின் உரியியலில் 'கடி' என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் சொல்லப்படுகின்றன. அந்தப் பட்டியலில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. கடிமரம் என்றால் காவல் உள்ள மரம், கடிது சென்றான் என்றால் விரைந்து சென்றான். இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் நம் கையிலேயே இப்படி ஒரு சொல் இருக்கும்போது ஃபாஸ்ட்டைப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களைப் பார்ப்போம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

'ஷீ ஃபெல் அஸ்லீப் ஃபாஸ்ட்' என்றால் படுத்ததும் தூங்கிவிட்டாள். 'ஷீ இஸ் ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அசையாமல் ஆழ்ந்து தூங்குகிறாள். சொல்லின் இடம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது. அதே போல ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்றால் நெருங்கிய, பிரியாத நண்பர்கள். பார்த்த மறுநாளே நண்பர்களானவர்கள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல.

துணியில் ஃபாஸ்ட் கலர் என்று எழுதியிருந்தால் சாயம் போகாது என்று பொருள். நிறம் துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சாயத்திலிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு வருகிறது. காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யும்போது ஏ.எஃப்.பி. என்று எழுதுவார்கள். ஆசிட் ஃபாஸ்ட் பேசில்லை என்பதன் சுருக்கம் அது. அமிலத்தில் வேகமாக ஓடும் கிருமி என்று பொருள் கொண்டால் ஒன்றுமே புரியாது. உண்மையில் என்ன செய்கிறார்கள் என்றால், கண்ணாடித் தகட்டில் தடவிய சளிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள், அப்புறம் அதை அமிலத்தால் கழுவுகிறார்கள். பெரும்பாலான கிருமிகளில் சாயம் கரைந்து போய்விடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு இருப்பதால் அது சாயத்தை விடாது, நுண்ணோக்கியில் சிவப்பாகத் தெரியும். ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தது 1882-ல். அதே ஆண்டில் பால் எர்லிக் அதன் இந்தப் பிடிவாதத்தைக் கவனித்தார். மாலுமியின் விரலில் இருந்த ஃபாஸ்ட்டும் ஆய்வகத் தாளில் இருக்கும் ஃபாஸ்ட்டும் ஒன்றுதான்!

'ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்' என்பது மாற்றவே முடியாத விதி. பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: 'தேர் இஸ் நோ ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல்', அப்படிக் கறாரான விதி எதுவும் இல்லை.

இனி வேகத்துக்கு வருவோம். இங்கே இரண்டே எச்சரிக்கைகள். ஒன்று, ஃபாஸ்ட்லி என்று சொல்லாதீர்கள். பெயரடையும் ஃபாஸ்ட், வினையடையும் ஃபாஸ்ட்: 'எ ஃபாஸ்ட் ரன்னர்', 'ஷீ ரன்ஸ் ஃபாஸ்ட்'. இரண்டு, சீக்கிரம் என்று நினைக்கும் எல்லா இடத்திலும் ஃபாஸ்ட் போடக் கூடாது. நம் சீக்கிரம் மிகப் பெரிய சொல். சீக்கிரம் எழுந்தேன் என்றால் 'ஏர்லி', சீக்கிரம் சந்திப்போம் என்றால் 'சூன்', சீக்கிரம் பதில் சொல் என்றால் 'குவிக்லி'. நகரும் வேகம் பெரிதாக இருக்கும்போதுதான் ஃபாஸ்ட் இயல்பாகப் பொருந்தும்.

கடிகாரம் மட்டும் தனி. 'மை வாட்ச் இஸ் ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்' என்றால் சரியான நேரத்தைவிட ஐந்து நிமிடம் முன்னால் காட்டுகிறது.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் இருக்கும் வினையைப் பாருங்கள். ரன், டிரைவ், டாக் வந்தால் வேகம். ஹோல்ட், ஸ்டாண்ட், ஸ்டிக் வந்தால் உறுதி.

[திரையில்: சேற்றில் நிற்கும் கார்]

'தி கார் இஸ் ஃபாஸ்ட்.' இது பறக்கும் கார். 'தி கார் இஸ் ஸ்டக் ஃபாஸ்ட் இன் தி மட்.' அதே கார்தான், எத்தனை பேர் தள்ளினாலும் சேற்றை விட்டு நகரவில்லை.