ஸைன்: மூன்று வேரில் முளைத்த ஒரு வினைச்சொல்

[திரையில்: இஷ் பின், டு பிஸ்ட், ஏர் இஸ்ட்]

வணக்கம். ஜெர்மன் வகுப்பில் முதல் வாரமே நம்மைத் திணறடிக்கும் சொல் ஸைன். ‘இரு’ என்று அர்த்தம். நான் என்றால் பின், நீ என்றால் பிஸ்ட், அவன் என்றால் இஸ்ட். நாங்கள் என்றால் ஸிண்ட், நீங்கள் பலர் என்றால் ஸைட். இறந்தகாலத்துக்குப் போனால் வார், வார்ஸ்ட், வாரன். அப்புறம் கெவேஸன் என்று இன்னொன்று.

ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லையே என்று தோன்றும். மனப்பாடம் செய்ய வராதது உங்கள் குறையில்லை. மூன்று தனித்தனி வினைச்சொற்கள் கலந்துதான் இந்த ஒன்று உருவானது.

[திரையில்: மூன்று வேர்கள்]

ஜெர்மனும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். அதனால் இந்த மூன்று வேர்களின் சொந்தக்காரர்களும் வடசொற்களாக நம் பேச்சில் இருக்கிறார்கள்.

இஸ்ட், ஸிண்ட், ஸைட் மூன்றும் ‘அஸ்தி’யின் உறவு. அஸ்தி என்றால் ‘இருக்கிறது’. ஆத்திகம் அதிலிருந்து வந்தது. ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பதிலிருந்து நாத்திகம். (ஆற்றில் கரைக்கும் அஸ்தி வேறு சொல்.) பின், பிஸ்ட் இரண்டிலும் முன்னால் நிற்கும் ‘ப’ ஒலி, அனுபவத்திலும் சம்பவத்திலும் உள்ள ‘பவ’த்தின் உறவு.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வார், கெவேஸன் இரண்டுக்கும் மூலப்பொருள் ‘தங்கு’. நம் ‘வசி’யும், சென்னைவாசியில் வரும் ‘வாசி’யும் அதே வேர். சரி, கெவேஸனில் ‘ஸ’ இருக்க, வாரில் ‘ர’ எப்படி வந்தது? பழைய ஜெர்மனில் ஒருமை ‘வஸ்’, பன்மை ‘வாருன்’. சொல்லின் அழுத்தம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து ‘ஸ’ மாறியது என்று 1870களில் விளக்கியவர் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர். பிறகு பன்மையின் ‘ர’ ஒருமைக்கும் பரவிவிட்டது. ஆங்கிலத்தில் வாஸ் (was), வேர் (were) என்று இரண்டும் இன்னும் நிற்கின்றன.

[திரையில்: இஷ் பின் கெவேஸன்]

‘நான் இருந்திருக்கிறேன்.’ இந்த ஒரே வாக்கியத்தில் ‘பவ’மும் ‘வாச’மும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

[திரையில்: மீர் இஸ்ட் கால்ட்]

கடைசியாக, குளிரும்போது ‘இஷ் பின் கால்ட்’ என்று சொல்லிவிடாதீர்கள். மனதில் ஈரமில்லாதவன் என்று ஆகிவிடும். ‘மீர் இஸ்ட் கால்ட்’ என்று சொல்லுங்கள். மீர் என்றால் ‘எனக்கு’. நாமும் ‘எனக்குக் குளிராக இருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்?