சொல்ல வந்தது

வணக்கம். இப்படி மைக் முன்னால் நின்று பேசுகிறவனுக்கு, நாலு நண்பர்கள் நடுவில் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றால் நம்புவீர்களா? எனக்கு ஒட்டிக்கொள்ளும். மேடையில் குறுக்கே பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

நண்பர்கள் நடுவில் என்ன நடக்கிறது? பேச்சு சூடாக ஓடுகிறது. நம்மிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. பேசுகிறவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். முடித்தார். மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறோம். அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார். திறந்த வாயைச் சும்மா மூட முடியாதே! கொட்டாவி மாதிரி ஒப்பேற்றுகிறோம். பிறகு போனை எடுத்து, வராத மெசேஜைப் படிக்கிறோம்.

2009இல் பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை அளந்து ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் நிறுத்த, அடுத்தவர் தொடங்க, நடுவில் சராசரியாக 200 மில்லி விநாடிதான். ஆனால் ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 600 ஆகும். கணக்கு இடிக்கிறதல்லவா? பேச்சுக்காரர்கள் காத்திருப்பதில்லை. முன்னவர் பேசும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து, தம் வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மரியாதையாகக் காத்திருக்கும் நாம் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸை விடுகிறோம்.

விட்டதோடு போனால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, ‘இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று நமக்கு நாமே தீர்ப்பெழுதுகிறோம். எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்டதைக் கேளுங்கள்: முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியே விசாரித்தார்கள். எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதைப் பொதுவாக எல்லோரும் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் சேர்ந்து தங்கியவர்களிடம்கூட இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

உண்மையிலேயே ஒதுக்குகிற கூட்டமும் உண்டு. அங்கே எழுந்து வந்துவிடலாம். அது வேறு கதை.

ஒருநாள் அப்படி ஒரு கொட்டாவியோடு நானும் கிளம்பினேன். கூடவே நடந்து வந்த நண்பன், “டேய், அப்போ ஏதோ சொல்ல வாயெடுத்தியே, என்னடா?” என்றான். அவன் கவனித்திருக்கிறான்! என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. அதையே சொன்னேன். சிரித்தான். அன்றைக்கு இருவரும் வீடு போய்ச் சேர ரொம்ப நேரமாயிற்று.