சாமி பேரில் பட்டா

பெரியவர்களே, தாய்மார்களே,

இந்த மஞ்சள் பையில் இருப்பவை என் அப்பாவின் குத்தகை ரசீதுகள். கோயில் நிலம், ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர். டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார். பழைய ரசீதுகளில் மை மங்கிப்போய்விட்டது. நெல்லாக அளந்த வருஷம், பணமாகக் கட்டிய வருஷம், வெள்ளத்தில் சம்பா அழுகிப்போய்ப் பாக்கி நின்ற வருஷம், எல்லாம் இதில் இருக்கிறது. இந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டுதான் அவர் விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற பி.எம். கிசான் பணத்துக்கு எழுதிப்போடப் போனார். “ரசீதெல்லாம் வேண்டாம் பெரியவரே, பட்டா இருக்கா?” என்று கேட்டார்கள். திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

2019 பிப்ரவரி 24ஆம் தேதி பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் அது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை என்றார்கள்; அதே ஆண்டில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2,000 ரூபாய் பெரிய பணமா என்று கேட்பவர்கள் உண்டு. டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350, யூரியா இரண்டு மூட்டை 533. நட்டு முடித்த கையோடு வட்டிக்கு வாங்காமல் உரம் போட முடிந்தால் அது பெரிய பணம்தான்.

ஆனால் 2019 பிப்ரவரி 1 அன்று நில ஆவணத்தில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம். பட்டாக்காரர் சென்னையில் இருக்கலாம், வரப்பை மிதித்தே பல வருஷம் ஆகியிருக்கலாம். வருமான வரி கட்டாதவராக, அரசு வேலையில் இல்லாதவராக இருந்தால் அவருக்கு வரும். சேற்றில் நிற்கிறவருக்கு வராது. கோயில் நிலத்தில் நடப்பது இன்னும் கொடுமை. அறநிலையத் துறைக் கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது என்பது அரசே சொல்லும் கணக்கு. அங்கே பட்டா சாமி பேரில். கோயில் போன்ற நிறுவனத்தின் நிலத்துக்குப் பணம் கிடையாது என்பது விதி. ஆக, சாமிக்கும் இல்லை, உழுகிறவருக்கும் இல்லை.

குத்தகைதாரரை எப்படி அடையாளம் காண்பது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுக்கு எப்படிக் கண்டீர்கள்? கொள்முதல் நிலையத்தில் நெல் போட எப்படிக் கண்டீர்கள்? எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்கிற அடங்கலை வைத்துத்தானே! பிரீமியம் வாங்கும்போது விவசாயியாகத் தெரிகிறவர், பணம் கொடுக்கும்போது மட்டும் எப்படி மறைந்துபோகிறார்?

முறைகேடு வரும் என்கிறார்கள். இதே திட்டத்தில் 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் வந்ததே, 110 கோடி அளவுக்கு. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. அதைச் செய்தது குத்தகைக்காரரா? அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போனது. நிலமே இல்லாதவர்கள் பெயர் உள்ளே ஏறியது. பூட்டை உடைத்தவன் ஒருவன், பட்டினி கிடப்பவன் வேறொருவனா?

தனியார் நிலத்தில் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. குத்தகைக்காரர் பெயர் தாளில் ஏறினால் 1955ஆம் வருஷக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தை விடமாட்டார் என்று உடைமைக்காரர் பயப்படுகிறார். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. ஆந்திராவில் 2019இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: பதினோரு மாத ஒப்பந்தம், சாகுபடியாளருக்கு அட்டை, நிலத்தின் மேல் உரிமை கோர முடியாது. அங்கேயும் கையெழுத்துப் போடத் தயங்குகிற உடைமைக்காரர்கள் உண்டு. அந்த வேலை ஒரே நாளில் முடியாது, நேரம் பிடிக்கும்.

கோயில் நிலத்துக்கு அந்தச் சாக்கும் இல்லையே! யார் பயிரிடுகிறார், எவ்வளவு கட்டுகிறார் என்ற பதிவேடு அரசாங்கத்தின் அலமாரியிலேயே இருக்கிறது. மத்திய அரசு விதியை மாற்றட்டும். மாற்றும்வரை மாநில அரசு அந்த 6,000 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுக்கட்டும். முதலில் இவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நம் மனு.

அடுத்த குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கிறோம். கோயில் குத்தகை ரசீது வைத்திருப்பவர்கள் ஒரு நகல் எடுத்து, பின்பக்கம் சர்வே எண்ணை எழுதி இந்த மேசையில் கொடுங்கள். எழுத வராதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். முதல் நகலாக அப்பாவுடையதை வைக்கிறேன்.